வாட்டம் வரும்வரை

மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரியாகவும் வெண்ணாறாகவும் புது ஆறாகவும் பிரிந்து, கடைசியில் ஊர் வாய்க்காலுக்குள் நுரையும் சருகுமாக நுழைகிற நாளில் பையன்கள் தூண்டிலோடு கரைக்கு வந்துவிடுவார்கள். "சத்தம் போடாதடா, மீன் ஓடிடும்" என்று பெரியவன் சின்னவனை அதட்டுவான். அதட்டல் பாதி சரி. கரையில் பேசுகிற பேச்சு நீருக்குள் அவ்வளவாக இறங்காது. ஆனால் கரை மண்ணில் தொம்மென்று குதித்தால் கெண்டைக்கும் கெளுத்திக்கும் நிச்சயம் கேட்கும். வெளியே காது மடல் இல்லையே தவிர, அவற்றுக்கு அபாரமான செவி உண்டு. 1820இல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் வெபர் அந்த மீன்களை அறுத்துப் பார்த்து ஓர் அதிசயத்தைக் கண்டார். வயிற்றுக்குள் காற்று நிரம்பிய ஒரு பை. அதற்கும் உட்செவிக்கும் நடுவே சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலி கோத்தாற்போல் நிற்கின்றன. ஒலி பட்டதும் காற்றுப்பை அதிரும். அந்த அதிர்வைத் தொட்டுத் தொட்டு எலும்புகள் செவிக்குக் கொண்டுசேர்க்கும். கெண்டை முள்ளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுகிற நாம், இலையோரத்தில் எதை ஒதுக்குகிறோம் என்று யோசிப்பதில்லை.

கேட்பதற்கு ஒரு துளி காற்றும் சில எலும்புத் துணுக்குகளும் வேண்டும் என்ற அதே யோசனையை, படைத்தவன் மனிதக் குழந்தையிடம் வேறு விதமாகச் செய்து பார்த்திருக்கிறான்.

ஆற்றில் முழுக்குப் போடும்போது கரையில் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் சட்டென்று அறுந்துபோகும். காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும், மற்றதெல்லாம் திரும்பிவிடும். நம்முடைய உட்செவியோ முழுக்க நீரால் நிரம்பியது. நத்தைக் கூடு மாதிரி இரண்டரைச் சுற்றுக்குமேல் சுருண்டிருக்கும் அந்தக் குழலுக்குள்தான் ஒலியை உணரும் மயிர் செல்கள் இருக்கின்றன. காற்றில் மிதந்து வரும் அம்மாவின் தாலாட்டு அந்த நீருக்குள் எப்படி இறங்குகிறது?

அதற்காகத்தான் நடுவே ஒரு சின்ன அறை. காற்று மட்டும் இருக்கவேண்டிய அறை. அதன் வாசலில் செவிப்பறை, ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த அகலம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். அதற்குள்ளே வரிசையாக மூன்று எலும்புகள். செவிப்பறையைத் தொட்டபடி சுத்தி எலும்பு, அடுத்து பட்டடை, கடைசியில் அங்கவடி. அங்கவடியின் எடை சுமார் 3 மில்லிகிராம்; சன்ன நெல் ஒரு மணியை ஐந்து பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அவ்வளவு இருக்கும். உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அதுதான். அகலமான செவிப்பறை வாங்கும் அழுத்தத்தையெல்லாம் திரட்டி, அங்கவடியின் சின்னஞ்சிறு பாதத்தில் குவித்து, ஏறக்குறைய 20 மடங்கு பெருக்கி நீருக்குள் தள்ளுகிறது இந்த ஏற்பாடு. காற்றுக்கும் நீருக்கும் நடுவில் தொலைந்துபோக வேண்டிய ஒலியில் பெரும்பகுதி இப்படி மீட்கப்படுகிறது. காதோடு காதாகச் சொல்லும் ரகசியத்துக்குச் செவிப்பறை அசைகிற அசைவு ஓர் அணுவின் அகலத்தைவிடக் குறைவாக இருக்க முடியும்.

1837இல் ரெய்ஷெர்ட் என்ற உடற்கூறு அறிஞர் கருவில் இந்த எலும்புகள் உருவாகும் விதத்தைக் கவனித்து இன்னொரு செய்தி சொன்னார். சுத்தியும் பட்டடையும் ஊர்வன வகையில் தாடை மூட்டாக இருக்கும் அதே எலும்புகள். இரையைக் கவ்வுவதற்கு இருந்ததை எடுத்து இசை கேட்பதற்கு வைத்திருக்கிறது. வேண்டாத எதையும் வீசி எறியாத கை அது.

நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிற ஆசாரிகள் ஒரு துளை மயிரிழை தவறினாலும் மரத்தை ஒதுக்கிவிடுவார்கள். அந்த வாத்தியத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு அசைவையும் பிரித்தறியும் கருவி, குழந்தை பிறப்பதற்கு முன்பே முழு அளவில் முடிந்துவிடுகிறது. கை வளரும், கால் வளரும், உட்செவி வளராது. பிறந்த அன்று இருந்த அளவுதான் 80 வயதிலும். கருவுக்கு 25 வாரம் ஆவதற்குள் ஒலிக்கு அசைந்து கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தி, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்குகிற நம் வழக்கத்தைப் பார்த்து இப்போது யாரும் சிரிக்க முடியாது. திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் விளக்கெண்ணெய் வாங்கிக்கொண்டு நிற்கிற கர்ப்பிணிப் பெண்களின் வயிற்றுக்குள், மணியோசையைக் கேட்கிற காதுகள் அப்போதே தயாராக இருக்கின்றன.

இத்தனையையும் முடித்துவிட்டு, படைத்தவன் ஒன்றை மட்டும் பாதியில் விட்டிருக்கிறான். வடிகாலை.

நடுச்செவி என்கிற அந்தக் காற்றறைக்கும் மூக்கின் பின்புறத் தொண்டைக்கும் இடையே ஒரு குழல் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த பார்த்தலோமியோ யூஸ்டாக்கி அதை விரிவாக விவரித்ததால் யூஸ்டேஷியன் குழல் என்று பெயர். அவருக்கு வெகு காலம் முன்பே கிரேக்கத்தில் அல்க்மையோன் என்பவர் ஆடுகள் காது வழியாக மூச்சு விடுகின்றன என்று சொல்லிவைத்தாராம். அரிஸ்டாட்டில் அது தவறு என்று எழுதியிருக்கிறார். தவறுதான், ஆனால் அந்தக் குழலை யாரோ எட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கொடைக்கானல் பேருந்தில் மலை ஏறும்போது காது அடைத்து, எச்சிலை விழுங்கியதும் 'பட்'டென்று திறந்துகொள்கிறதே, அது இந்தக் குழல் செய்யும் வேலை. சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தின் ஒரு தசை இழுத்து, ஒரு நொடி திறக்கும். அந்த ஒரு நொடியில் புதுக் காற்று உள்ளே போகும். அறையில் ஊறும் ஈரத்தைக் குழலின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் தொண்டைப் பக்கமாகக் கூட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பெரியவர்களுக்கு இந்தக் குழல் சுமார் 36 மில்லிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட 45 பாகை சரிவு. கைக்குழந்தைக்கு நீளம் அதில் பாதி. சரிவு 10 பாகைதான். குழலைத் தாங்கும் குருத்தெலும்பும் இளசு, திறக்கிற தசைக்கும் இன்னும் வலு சேரவில்லை.

டெல்டாக்காரருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. பாசனம் ஒரு கவலை என்றால் வடிகால் இன்னொரு கவலை. கடைமடையில் வாட்டம், அதாவது சரிவு, போதாத வயலில் ஐப்பசி மழைநீர் தேங்கிவிட்டால் எங்கும் போகாது. வாரி தூர்ந்திருந்தால் போன தண்ணீரும் எதிர்த்து ஏறும். நாலு நாள் நின்றால் பயிர் அழுகும். 2008 நிஷா புயலில் இதைப் பார்க்காத ஊர் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் இல்லை. மழையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, வயலும் நல்ல வயல்தான். வாட்டம் இல்லை, அவ்வளவே. கைக்குழந்தையின் காது அப்படிப்பட்ட வயல்.

ஏன் இப்படி விட்டான் என்று கேட்கத் தோன்றும். நான் புரிந்துகொண்டது இது. பிறக்கிற குழந்தையின் மூளைக்கூடு பெரிது, முகம் மிகச் சிறிது. தாயின் இடுப்பெலும்பைத் தாண்டி வெளியே வரவேண்டிய தலைக்கு நீண்ட தாடையும் உயர்ந்த அண்ணமும் அப்போது சுமைதான். முகம் பிறகு வளர்ந்துகொள்ளட்டும் என்று விடப்பட்டிருக்கிறது. முகம் கீழ்நோக்கி வளர வளரக் குழலும் நீண்டு சரிகிறது. ஏறக்குறைய 7 வயதில் பெரியவர்களுடைய வாட்டத்துக்கு வந்துவிடுகிறது. குறையில்லை, தவணை. அந்தத் தவணைக் காலத்துக்குக் காவல் பெற்றவர்களுடையது.

காவல் தவறுகிற இடம் பெரும்பாலும் சளியில் தொடங்குகிறது. மூக்கின் பின்னால் அடினாய்டு என்ற சதைக் கொத்து, குழல் வாயை ஒட்டியே இருக்கிறது. கிருமிகளை இனம் காணப் பழகும் பள்ளிக்கூடம் அது. சளி பிடித்தால் வீங்கும், குழல் வாயை அடைக்கும். அறையில் இருந்த காற்றைச் சுற்றுச்சுவர் மெல்ல உறிஞ்சிக்கொள்ள, உள்ளே அழுத்தம் குறையும். குறைந்த அழுத்தம் சுவரிலிருந்து நீரை இழுக்கும், தொண்டையிலிருந்து கிருமிகளையும் இழுக்கும். நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா என்று மூன்று பாக்டீரியாக்கள் இந்த வேலைக்குப் பேர்போனவை. வைரஸ்களும் கூட்டு சேரும். காற்றுக்காகக் கட்டிய அறையில் சீழ் நிரம்பும். 6 மாதம் முதல் 2 வயதுக்குள் இது மிக அதிகம். மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு முறையாவது வந்துபோகும்.

வந்தது காதுவலி என்று சொல்ல அந்த வயதுக்கு வாய் இல்லை. பகலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை இரவில் படுக்க வைத்ததும் அலறும். படுக்கையில் காதின் அழுத்தம் கூடுகிறது. பசியோடு மார்பைப் பற்றி, இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு வீறிட்டு விலகும். விழுங்கும்போது வலி இழுக்கிறது. இரண்டு மூன்று நாள் சளிக்குப் பிறகு புதிதாகக் காய்ச்சல் ஏறும். இந்த மூன்றும் சேர்ந்தால் காதைச் சந்தேகிக்க வேண்டும். காதைப் பிடித்து இழுப்பது மட்டும் ஓர் அடையாளமே அல்ல. பல் முளைக்கும்போதும் இழுக்கும், தூக்கம் வந்தாலும் இழுக்கும், சும்மாவும் இழுக்கும்.

"புள்ள காத காதப் புடிச்சு இழுக்குறான் நர்சம்மா, கண்ணு பட்டிருக்கும்போல. பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்திட்டேன்" என்று அப்பாயி சொல்ல, "ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா பாட்டி? உள்ளே ஓட்டை இருந்தா அந்த எண்ணெய் எங்க போகும்?" என்று கிராம சுகாதார செவிலியர் கேட்கும் உரையாடல் டெல்டாவின் எந்த ஊர்த் திண்ணையிலும் நடக்கக்கூடியது. அப்பாயி மீது எனக்குக் கோபம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு அலறுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஏதாவது செய்யாமல் இருக்க யாராலும் முடியாது. ஆனால் கண்ணில் தூசி விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற ஊர் இது. சரபோஜி மன்னர் காலத்திலேயே தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையமும் கண் வைத்தியமும் கண்ட தஞ்சாவூர்ச் சீமை. காதுக்கு மட்டும் ஏன் அஞ்சறைப்பெட்டி?

பூண்டு எண்ணெய், வெங்காயச் சாறு, தாய்ப்பால் என்று எதை ஊற்றினாலும் வெளிக்காதில்தான் நிற்கும். நோவு செவிப்பறைக்கு அந்தப் பக்கம். பறையில் துளை விழுந்திருந்தாலோ, ஊற்றியது அழுக்கோடு உள்ளே போய்ச் சேரும். தாய்ப்பாலை வாய் வழியாகக் கொடுத்தால் அதைவிடப் பெரிய மருந்து இல்லை. காதில் விட்டால் கிருமிக்குச் சோறு. கோழி இறகு, ஊக்கு, தீக்குச்சி, இப்போது கடையில் விற்கும் பஞ்சுக் குச்சி எல்லாம் இதைவிட மோசம். குறும்பிக்கு வெளியேறும் வழி ஏற்கனவே இருக்கிறது. செவிப்பறையின் நடுவில் பிறக்கும் தோல் அங்கேயே தங்குவதில்லை. ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் விளிம்பை நோக்கி நகர்ந்து, காதுக் குழாயின் சுவரோடு நடந்து, தன்மேல் ஒட்டிய குறும்பியையும் தூசியையும் சுமந்துகொண்டு வாசல்வரை வந்து உதிர்கிறது. உடம்பில் வேறெங்கும் தோல் இப்படி நடை பயில்வதில்லை. இரவும் பகலும் நடக்கும் இந்தத் துப்புரவுப் பணியைக் குச்சியால் குத்தி, வெளியே வந்ததை மறுபடி உள்ளே தள்ளுகிறவர்கள் நாம்.

சில குழந்தைகளுக்கு இரவெல்லாம் அலறிவிட்டு விடிகாலையில் சட்டென்று அழுகை நிற்கும். தலையணையில் மஞ்சளாக ஈரம். அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழிந்து சீழுக்கு வழி விட்டிருக்கிறது. பெற்றவர்கள் பதறுகிற அந்த இடத்தில்தான் இன்னொரு அதிசயம். கிழிந்த பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். சுற்று விளிம்பிலிருந்து தோல் நகர்ந்து வந்து துளையைத் தைத்துவிடும். வெளியிலிருந்து நாம் செய்யவேண்டியது, தண்ணீரும் எண்ணெயும் போகாமல் பார்த்துக்கொள்வது, மருத்துவரிடம் காட்டுவது. தானாக மூடும் என்பதற்காகக் காட்டாமல் விடக்கூடாது.

உடனே ஓட வேண்டிய வேளைகளும் உண்டு. காதுக்குப் பின்னால் வீங்கி, காது மடல் முன்னே தள்ளி நின்றால் கிருமி பின்புற எலும்புக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். முகம் ஒரு பக்கம் கோணினாலும், கழுத்து விறைத்தாலும், பிள்ளை துவண்டு கிடந்தாலும், தள்ளாடினாலும் பொழுது விடியக் காத்திருக்கக் கூடாது. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தையின் காய்ச்சலையும் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும். காதிலிருந்து மூளைக்கு ஒரு மெல்லிய எலும்புத் தகடுதான் தூரம்.

மற்ற நேரங்களில் நிதானம் பலிக்கும். முதலில் வலிக்கு மருந்து, குழந்தையின் எடைக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால். இது கிருமியைத் தொடாது; ஆனால் பிள்ளையைத் தூங்கவிடும், பால் குடிக்கவிடும். இரண்டு வயது தாண்டி, காய்ச்சல் கடுமையாக இல்லாத குழந்தைக்கு 48 முதல் 72 மணி நேரம் வரை ஆன்டிபயாடிக் இல்லாமலே மருத்துவர் கவனித்துப் பார்க்கலாம். பல காதுகள் அதற்குள் தாமே தேறிவிடும். 6 மாதத்துக்குட்பட்டவர்களுக்கும், இரண்டு வயதுக்குள் இரு காதிலும் வந்தவர்களுக்கும், சீழ் வடிகிறவர்களுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டும். ஆரம்பித்தால் சொன்ன நாள்வரை முடிக்க வேண்டும். போன முறை மிச்சம் வைத்த பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இரண்டு வேளை கொடுத்து நிறுத்துவது, மருந்துக்கடையில் "காதுவலிக்கு ஒரு சொட்டு மருந்து" என்று கேட்டு வாங்குவது, இரண்டும் கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. மூக்கடைப்புக்கும் ஒவ்வாமைக்கும் விற்கும் சிரப்புகள் காதில் சேர்ந்த நீரைச் சீக்கிரம் வற்றவைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆராய்ந்து பார்த்ததில் அப்படிப் பயன் எதுவும் தெரியவில்லை.

ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது ஒரு வருடத்தில் நான்கு முறை வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் காது நோய் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். எனவே தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. ஐப்பசியில் வந்தது கார்த்திகையிலும் மார்கழியிலும் வந்தால், ஞாபகத்தை நம்பினால் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்டாயிற்றா, அடினாய்டு பெரிதா, அண்ணத்தில் பிளவு உண்டா என்பதெல்லாம் அப்போது பார்க்கப்படும். அண்ணப்பிளவுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் காதில் நீர் சேர்கிறது. குழலைத் திறக்கிற தசை அண்ணத்தில்தானே இருக்கிறது. வராமல் தடுக்கவென்று மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுக்கும் பழைய வழக்கத்தை இப்போது பரிந்துரைப்பதில்லை.

வலியில்லாத கட்டம்தான் எனக்கு அதிகம் பயம் தருவது. காய்ச்சல் போய், அழுகை போய், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது காற்றறையில் நீர் மட்டும் வடியாமல் நிற்கும். சில நேரம் பசை மாதிரி கெட்டிப்படும். குழந்தைக்கு வலி தெரியாது. உலகம் சற்றுத் தொலைவுக்குப் போய்விடும், அவ்வளவுதான். காதில் விரலை வைத்துக்கொண்டு கேட்பதுபோல் மெல்லிய ஒலிகள் மங்கும். அந்த வயதுதான் ல, ள, ழ மூன்றையும் காது பிரித்துப் பழகும் வயது. அந்தக் குழந்தையைப் பார்த்து வீட்டில் சொல்வது என்ன? "சொன்ன பேச்சே கேக்கமாட்டேங்குறான்." டிவிக்கு முன்னால் போய் ஒட்டி நிற்கிறான், முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, வகுப்பில் கவனமில்லை என்று டீச்சரும் சொல்கிறார். அடி விழுந்த பிறகு காதைப் பார்க்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும். மூன்று மாதம் தாண்டியும் நின்றால் கேட்கும் திறனைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சீழ் வடிகிற காதுக்கு ஊர்ப்புறச் சுகாதார ஊழியர்கள் வைத்திருக்கும் கோடு 14 நாள். அதற்குள் என்றால் புது நோய். 14 நாளோ அதற்கு மேலோ வடிந்தால் நாள்பட்டது. அதற்கு வாய்வழி மருந்தைவிடக் காதை உலர வைப்பதும் சொட்டு மருந்துமே முக்கியம். சுத்தமான பருத்தித் துணியைத் திரித்துத் திரியாக்கி, காதில் மெல்ல வைத்து, நனைந்ததும் எடுத்து, திரி உலர்ந்து வரும்வரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்; நாளைக்கு மூன்று வேளை. பிறகே மருத்துவர் தந்த சொட்டு. கார்த்திகை விளக்குக்குத் திரி திரிக்கத் தெரிந்த வீட்டில் இது கஷ்டமே இல்லை. பஞ்சை மட்டும் உள்ளே விட்டுவிடக் கூடாது. "காது வடியுது, வளர்ந்தா சரியாயிடும்" என்று விட்ட வீடுகள் எத்தனை என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1990களில் அந்த வட்டாரக் கிராமத்துக் குழந்தைகளைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு ஆறு பேர் அளவில் நாள்பட்ட சீழ்க்காது கண்டார்கள். ஐம்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பில் மூன்று பேர்.

வராமல் காக்கும் வழிகளில் பெரும்பாலானவை காசில்லாதவை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்; அதிலுள்ள எதிர்ப்பொருள் ஒரு பக்கம், மார்பில் உறிஞ்சும்போது அண்ணத் தசைகள் பெறுகிற உழைப்பு இன்னொரு பக்கம். புட்டிப்பாலோ பாலாடையோ எதுவானாலும் தலையை உயர்த்திப் பிடித்துத்தான் புகட்ட வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றினால், வாட்டமில்லாத குழலுக்குள் பால் ஏறும். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகையும் விறகடுப்புப் புகையும் குழலின் நுண்மயிர்களை முடமாக்குகின்றன. திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடிக்கும் தாத்தாவை எழுப்பித் தெருமுனைக்கு அனுப்புவது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் பேரனின் காதையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். நிமோகாக்கஸ் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு அட்டவணையில் இருக்கிறது. 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம் என்று மூன்று தவணை, கட்டணமில்லை. காது நோயை அது முழுக்க ஒழிக்காது, ஆனால் குறைக்கும். நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் தடுப்பதுதான் அதன் முதல் வேலை.

அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் மருத்துவக் குழு வருகிறதே, 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டம் அது. அந்தக் குழு பார்க்கவேண்டிய நோய்களின் பட்டியலில் நடுச்செவி அழற்சியும் இருக்கிறது. அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளக் கூடாது. "காதையும் பாருங்க டாக்டர்" என்று கேட்பதில் கூச்சமும் வேண்டாம். அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வழி இருக்கிறது. காதைப் பார்க்கும் கருவியை வைத்து மருத்துவர் குனியும்போது, ஆரோக்கியமான பறை என்றால் முத்துச்சிப்பியின் உட்புற நிறத்தில், முன்புறம் கீழே கூம்பு வடிவில் ஒரு வெளிச்சம் தெறிக்கும். நீர் சேர்ந்த காதில் அந்த வெளிச்சம் மங்கிப்போயிருக்கும். சீழ் முட்டினால் சிவந்து வெளியே உப்பி நிற்கும். திருவாரூர்ப் பக்கமிருந்து பேருந்து மாறி வந்த தாய்க்கு, அந்த ஒரு நிமிடப் பார்வைதான் மாதக்கணக்கான சந்தேகத்துக்குப் பதில்.

நீர் வடியவே மறுக்கும் காதுக்கு ஒரு சிறு வழியும் உண்டு. செவிப்பறையில் நுண்ணிய துளையிட்டு, குரோமெட் என்கிற ஊசித்தலை அளவுக் குழாயைச் செருகுவார்கள். மூக்குப் பக்கத்திலிருந்து வர வேண்டிய காற்று இனி வெளிப்பக்கத்திலிருந்து வரும். 1954இல் அமெரிக்காவில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் இதைப் புதுப்பித்துப் பிரபலமாக்கினார். நடக்கும் தோலே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், பலருக்குச் சற்றுக் கூடுதலாக, குழாயை வெளியே தள்ளித் துளையை மூடிவிடும். நீர் நின்று செவி மங்கிய குழந்தைக்கு இது நல்ல வழி. ஆனால் திரும்பத் திரும்பச் சீழ் பிடிப்பதற்காக மட்டும் எல்லோருக்கும் வேண்டுமா என்பது வேறு கேள்வி. 2021இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் முன்னின்று வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக்குட்பட்ட 250 குழந்தைகளில் பாதிப் பேருக்குக் குழாய் வைத்தும் மற்றவர்களை மருந்தால் மட்டும் கவனித்தும் இரண்டு வருடம் பார்த்தார்கள். நோய் வந்த எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. இரு பக்கத்திலும் குழந்தைகள் வளர வளர நோய் குறைந்துகொண்டே போயிற்று. காத்திருக்க முடிகிற குழந்தை எது, முடியாத குழந்தை எது என்று பிரிப்பதில்தான் மருத்துவரின் கைத்திறன் இருக்கிறது. கேட்கும் திறன் குறைந்து பேச்சு பின்தங்குகிற குழந்தையைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

குழாய் வைத்த பிள்ளைக்கு வீட்டுக் குளியலில் தடை எதுவும் இல்லை. ஆடிப்பெருக்கன்று படித்துறையில் கால் நனைக்கலாம், காப்பரிசி தின்னலாம். வாய்க்காலில் முங்குநீச்சல் அடிப்பதை மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யவேண்டும். செவிப்பறையில் துளை மூடாத பிள்ளை என்றால், அது மூடும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட வாஸ்லின் தடவிய பஞ்சால் காதை அடைத்துக்கொள்வது நல்லது. குளித்து முடித்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.